பதினைந்து நொடி

முப்பத்தைந்து வயதானால்
தனியாள் வீடு வாங்கலாம் என்பது விதி.
பிறந்தநாளுக்கு மறுநாளே
வீவக படிவத்தை நிரப்பினேன்.
நாலு வருடம் கழித்துச் சாவி வந்தது:
ஈசூனில், பதினோராம் மாடி, ஈரறை,
சுவரில் இன்னும் சாந்து வாசம்.

சாவியோடு அண்ணனும் வந்தான்,
கையில் ஒரு பெட்டி.
"இதெல்லாம் மாட்டினால்தான்
நீ இங்கே படுக்கலாம்."

கருவி மாட்ட வந்த வெய் லியாங்
காலணியை வாசலில் விட்டு ஏணி ஏறினான்.
கூரையில் ஒன்று, கதவில் ஒன்று,
மெத்தைக்கு அடியில் தோசைக்கல் அளவில் ஒன்று,
குளியலறையில் சிவப்புக் கயிறு,
என் மணிக்கட்டில் கடிகாரம்.
"கேமரா இல்லை" என்றான் இரண்டு முறை,
"அசைவு மட்டும்தான்."
அசைவுதான் என் தொல்லையே என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.

என் வலிப்புக்கு ஒரு தாளம் உண்டாம்.
நான் கேட்டதில்லை.
கடிகாரத்துக்கு அது தெரியும்.
தேவைக்கு மேலேயே தெரியும்.

பல் துலக்கினேன், எச்சரிக்கை.
இஞ்சி துருவினேன், எச்சரிக்கை.
தைப்பூசத்தன்று டிவியில் கேட்ட உறுமிக்குத்
தொடையில் தாளம் போட்டேன்;
ஜூரோங்கில் அண்ணன்
சோற்றுக் கையோடு எழுந்தான்.

நடுங்கினால் அது முதலில் என்னைத்தான் கேட்கும்.
ஒரு வட்டம், உள்ளே இறங்கும் எண்கள்,
அதன் கீழே சின்னதாய்: நலமா?
பதினைந்து நொடிக்குள் தொட்டால் அடங்கிவிடும்.
தொடாவிட்டால் அண்ணனுக்கும்
மாற்றுச்சாவி வைத்திருக்கும்
பக்கத்து வீட்டு ரொஹாயாவுக்கும் மணி அடிக்கும்.

என்னை முதலில் கேட்பது
எனக்குப் பழக்கமில்லை.
அம்மாவைக் கேட்பார்கள், பிறகு அண்ணியை.
"இவள் மாத்திரை போட்டாளா?"
நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

கதவுக் கருவியோடுதான் சண்டை.
பத்து மணிக்கு மேல் திறந்தால்
அண்ணன் போனில் எழுத்து விழும்:
"தமயந்தி வெளியே சென்றார்."
எவ்வளவு மரியாதையான கோள்!
பரோட்டா வாங்கத்தான் போனேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
மூங்கில் கழியில் துணி கோத்துக்கொண்டிருந்தேன்.
அடுத்து, ரொஹாயாவின் முழங்கால்.
என் தலைக்கு அடியில்
மடித்து வைத்த அவள் தொழுகை விரிப்பு.
ஸ்பீக்கரில் அண்ணன் மூச்சு,
பின்னால் விரைவுச்சாலை இரைச்சல்.
குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த படத்தில் உள்ளபடியே
என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள்.
கழி ஜன்னலுக்கு உள்ளேதான் கிடந்தது.
அதை மட்டும் மூன்று முறை
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இரவு, பதிவுகளைத் திறந்தேன்.
இரண்டு நிமிடம் பதின்மூன்று நொடி.
என் ஆயுளில் இருந்தும்
என்னிடம் இல்லாத நேரம்,
மேலும் கீழும் துள்ளும் ஒரு கோடாக.
அதன் அடியில் ஒரு வரி:
"பயனரிடம் கேட்கப்பட்டது. பதில் இல்லை."

அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.
நுரை தள்ளிக் கிடந்தவளிடம்
கேள்வி கேட்டுவிட்டு
முழுசாய்ப் பதினைந்து நொடி
காத்துக்கொண்டிருந்திருக்கிறது, பைத்தியம்.

"வீட்டுக்கு வந்துவிடு" என்றான் அண்ணன்.
"வீட்டில்தான் இருக்கிறேன்" என்றேன்.

அந்த வாரமே வெய் லியாங்கை வரவழைத்துக்
கதவில் இருந்ததைக் கழற்றச் சொன்னேன்.
மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றேன்.
"அண்ணனிடம் கேட்டீர்களா?"
கையெழுத்து யாருடையது என்று பார்க்கச் சொன்னேன்.
பார்த்தான். கழற்றினான்.
திருகாணி போன இரண்டு துளைகளை
அடைக்க மறந்து போய்விட்டான்.
அண்ணன் ஒன்பது நாள் பேசவில்லை.
பத்தாம் நாள் நண்டு வாங்கி வந்தான்.

இன்று ஞாயிறு.
வெங்காயம் போட்டு முட்டை அடிக்கிறேன்.
மணிக்கட்டு அதிர்கிறது.
பதினைந்து, பதினான்கு.
கை கழுவ நேரமிருக்கிறது.
இன்னும் கொஞ்சம் நுரைக்கட்டும்.
ஒன்பது, எட்டு.
கட்டைவிரலால் தொடுகிறேன்.

கண்ணாடியில் மஞ்சள் கரு.